பஞ்சுவுக்கு அண்ணன் முறை

நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுகிறவளுக்குச் 'சம்பந்தியக்கா' என்று ஏன் பேர் வந்தது என்று கேட்டால், அந்தத் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உண்மை இதுதான். தன்னிடம் வரும் நாய்களில் பொருத்தமான ஆணையும் பெண்ணையும் அவளே பார்த்துச் சேர்த்துவைப்பாள். சேர்த்துவைத்த நாளிலிருந்து இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் "சம்பந்தி" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு மருந்துக்கடைக்காரரும் பள்ளி பஸ் டிரைவரும் நடுரோட்டில் நின்று, "என்ன சம்பந்தி, சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. இத்தனை சம்பந்திகளை உண்டாக்கியவள் சம்பந்தியக்கா. வயது ஐம்பத்து மூன்று. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாமலே போய்விடுவாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் அவள் கடை. நடுவில் ரப்பர் விரிப்பு ஒட்டிய மேஜை, ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் தொட்டி, சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டிய கத்தரிகள், சீப்புகள். மூலையில் காற்றடிக்கும் மிஷின். அதைப் போட்டால் பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கேட்காது என்று ஒரு புகார் வருஷக்கணக்காக நிலுவையில் இருக்கிறது.

நாயை மேஜையில் ஏற்றியதும் முதலில் காதைத் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். அவளுக்கு அது பாதி வைத்தியம். புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை. "குளிப்பாட்டிட்டுக் காதைத் துடைச்சீங்களா? துடைக்கலை. எனக்குத் தெரியும். நீளக் காதுக்குள்ள தண்ணி நின்னா அது என்ன பண்ணும் பாவம்?" என்று ஆரம்பிப்பாள். பல்லில் காறை, விரல் இடுக்கில் உண்ணி, வயிற்றில் அரிப்பு, எதுவும் அவள் கைக்குத் தப்பாது. குண்டு நாயைக் கொண்டு வந்தவர்கள் பாடு அதோகதி. "பிஸ்கெட்டாப் போட்டு இதைப் பீப்பாய் ஆக்கி வெச்சிருக்கீங்க. முட்டி தேயாம என்ன பண்ணும்? நீங்க நாலு வேளை மூட்டை தூக்கிட்டு நடந்து பாருங்க" என்பாள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிக்கிற அவள் புருஷன் அவளை "டாக்டரம்மா" என்று கிண்டல் செய்வார். கிண்டல் என்று தெரிந்தும் அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு.

அவளுக்கு உயிர், காக்கர் ஸ்பானியல் என்கிற அந்த நீளக் காது ஜாதி. அந்தப் பக்கத்தில் இருந்த காக்கர்கள் அத்தனைக்கும் ஒரு பெரிய நோட்டில் வம்சாவளி எழுதி வைத்திருந்தாள். பெயர், பிறந்த தேதி, காது எப்படி, குணம் எப்படி, கடைசிக் கட்டத்தில் உறவு. கூடப் பிறந்ததுகளைச் சேர்த்துக் குட்டி எடுக்கிற ஆட்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அண்ணன் தங்கச்சியைச் சேர்த்துவைக்கிற பாவத்தை என் கையால பண்ண மாட்டேன்" என்று அடித்துச் சொல்வாள். அதனால் அவள் எல்லாவற்றையும் முறை பார்த்துத்தான் செய்வாள். அக்காளும் தங்கையும் போட்ட குட்டிகள் என்றால் அண்ணன் தங்கை, கூடவே கூடாது. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் என்றால் மாமன் மகன், அத்தை மகள். முறைதானே, தாராளமாகச் சேர்க்கலாம். இதை அவள் விரல் விட்டு எண்ணிச் சொல்லும்போது கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள். நாய்க்குக்கூட இவ்வளவு நியாயம் பார்க்கிறாளே என்று மெச்சாதவர்கள் இல்லை.

அந்த நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பவை இரண்டு. மேஜர், சீமாட்டி. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும். சீமாட்டி அக்காவின் சொந்த நாய். சீமாட்டியின் மகள் பஞ்சு. மேஜரின் மகன் பட்டாளம். பஞ்சுவுக்கு மூன்று வயதானபோது அக்கா அதிகம் யோசிக்கவில்லை. தாய்மாமன் மகன் கண்ணெதிரே ராஜா மாதிரி நிற்கும்போது வெளியே தேடுவானேன்? பஞ்சுவையும் பட்டாளத்தையும் சேர்த்துவைத்தாள். ஐந்து குட்டிகள். அதில் சாம்பல் புள்ளி விழுந்ததைத் 'தூசி' என்று தன்னிடமே வைத்துக்கொண்டாள். நெற்றியில் வெள்ளை வைத்த 'பொட்டு' மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனது.

வெளியே வரனே இல்லாமல் இல்லை. எலக்ட்ரீஷியன் வீட்டில் வோல்ட் இருந்தான். எங்கிருந்தோ தொலைவிலிருந்து வந்த நாய். இந்தக் கூட்டத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறந்து பத்து நாளில் தாயைப் பறிகொடுத்துவிட்டு, கண்கூடத் திறக்காமல், துண்டில் சுற்றி எலக்ட்ரீஷியன் கையில் வந்து சேர்ந்தவன். அப்போது சீமாட்டி பஞ்சுவைப் போட்டிருந்த நேரம். அக்கா இரண்டாம் பேச்சுப் பேசாமல் வோல்ட்டையும் சீமாட்டி மடியில் விட்டாள். சீமாட்டி ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு நக்கிக்கொடுத்தது. பஞ்சுவும் வோல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் பால் குடித்து வளர்ந்தார்கள்.

பஞ்சுவுக்கு வரன் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் எலக்ட்ரீஷியன் தானே வந்து கேட்டார். அக்கா பட்டென்று சொல்லிவிட்டாள்: "அது எப்படிங்கண்ணே? ஒரே தாய்ப்பால் குடிச்சதுங்க. வோல்ட் பஞ்சுவுக்கு அண்ணன் முறை."

அவர் கையிலிருந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

எலக்ட்ரீஷியனைப் பற்றி இன்னொரு சங்கதியும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் அம்மா அப்பா இல்லாமல் போய், அக்காவின் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர். சொந்தம் கிடையாது, பக்கத்து வீட்டுப் பிள்ளை. அக்காவுக்கு இருபது வயதிருக்கும்போது அவள் வீட்டு மின்விசிறி ஒரே மாதத்தில் ஆறு தடவை பழுதானது. ஆறு தடவையும் அவர்தான் வந்து பார்த்தார். ஏழாவது தடவை பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள். "பெரியம்மா வீட்டுச் சோத்துல வளர்ந்த பையன். உனக்கு அண்ணன் முறை. நினைப்பே தப்பு" என்று சொல்லிவிட்டார்கள். அவள் மூன்று நாள் அழுதாள். அந்த வருஷமே தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவரும் நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியனும் கல்யாணம் பண்ணிப் பிள்ளைகளைக் கரையேற்றி, மனைவியை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இப்போது நாயோடு இருக்கிறார். அக்கா அவரை வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். முப்பது வருஷத்தில் அந்தப் பழைய கதையை அவள் மறந்தே போயிருந்தாள், அல்லது மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

தூசிக்கு மூன்றரை வயது ஆனபோதுதான் குழப்பம் ஆரம்பித்தது.

கடைக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று உண்டு. ஜன்னல் இல்லாத இருட்டறை. துவைத்த துண்டுகளை அங்கேதான் குவித்துவைப்பாள். அந்தக் குவியலில் போய் விழுந்து உருளுவது தூசியின் தினசரி வேலை. ஒருநாள் அது வாசலிலேயே நின்றுவிட்டது. முன்னங்காலை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. பொழுது சாய்கிற நேரத்தில், இன்னும் லைட் போடாதபோது, தண்ணீர் வாளியில் போய் முட்டிக்கொண்டது. வெயிலில் பார்த்தால் வழக்கம்போலப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. இதென்ன கூத்து என்று அக்காவுக்குப் புரியவில்லை.

முதலில் நெற்றிமுடிதான் கண்ணை மறைக்கிறது என்று ஒட்ட வெட்டினாள். தூசி பார்க்க அசடு மாதிரி ஆனதே தவிர வேறு பலன் இல்லை. அப்புறம் காற்று மிஷின் சத்தத்தில் பயந்துவிட்டதோ என்று மிஷினை முன்னறைக்கு மாற்றினாள். அது வைத்த இடத்தில் தூசி இன்னொரு முறை மோதிக்கொண்டதுதான் மிச்சம். காதில் கோளாறு வந்தால் தலை சுற்றி முட்டிக்கொள்ளும் என்று எண்ணிக் காதை முகர்ந்தாள். காது சுத்தமாக இருந்தது. தனக்குத் தெரிந்த வியாதியாக இருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கிய ஒரே தடவை அதுதான்.

"வயசாகுதோ என்னவோ" என்றார் புருஷன்.

"மூணரை வயசுல என்ன வயசாகும்? உங்க மீட்டரை நீங்க பாருங்க" என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள். அன்று தூசியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபோது அதன் கண்மணி இரண்டும் அந்த வெளிச்சத்திலும் அகலமாக விரிந்து பச்சையாகப் பளபளத்தன. மறுநாள் காலையிலேயே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே கண் பார்க்கிற டாக்டர் ஒரு பெண். அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது. தூசியின் கண்ணில் மருந்து விட்டு, விளக்கை அணைத்து, கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மங்கலான வெளிச்சத்தில் தூசியின் மூக்குக்கு முன்னால் ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து போட்டார். சத்தமில்லாமல் விழுந்தது. தூசி அசையவில்லை. விளக்கைப் பிரகாசமாகப் போட்டு மறுபடி போட்டார். இப்போது லேசாகத் தலையைத் திருப்பியது.

"விழித்திரை தேய்ஞ்சுட்டு வருதும்மா. மங்கல்ல இப்பவே தெரியல. போகப் போகப் பகல்லயும் தெரியாம போயிடும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ."

"மருந்து?"

"இல்லம்மா. வலி இருக்காது, அது ஒண்ணுதான். இது பரம்பரை நோய்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க? இதோட பரம்பரை நல்ல பரம்பரை! மேஜர் வம்சம். நான் பார்த்து வளர்த்த வம்சம்."

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இதோட அப்பா அம்மா ரெண்டும் சொந்தமா?"

"சொந்தம்தான். நெருங்கின சொந்தம்!" என்று அக்கா பெருமையாகப் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தாள். "முறைப்படிதான் சேர்த்து வெச்சேன். மாமன் மகன், அத்தை மகள்."

டாக்டர் நோட்டைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து தடுப்பூசிக் குப்பிகளின் பிளாஸ்டிக் மூடிகளைக் கை நிறைய அள்ளிப் பரப்பினார். சிவப்பும் வெள்ளையும்.

"ஒவ்வொரு நாய்க்கும் இதுல ரெண்டு மூடின்னு வெச்சுக்குங்க. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. வெள்ளை நல்லது, சிவப்பு கெட்டது. ஒரு சிவப்பு இருந்தா ஒண்ணும் ஆகாது. கண்ணு நல்லாத் தெரியும், வெளியே யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனா குட்டிக்கு அந்தச் சிவப்பைக் குடுத்துடலாம். அப்பா ஒரு சிவப்பு, அம்மா ஒரு சிவப்புன்னு ரெண்டு சேர்ந்த குட்டிக்குத்தான் கண்ணு போகும்." மேஜர் பெயர்மேல் ஒரு சிவப்பு மூடி, சீமாட்டி பெயர்மேல் ஒரு சிவப்பு மூடி வைத்தார். "இதுங்க ரெண்டும் ஒரே வயிறு. ஒரே இடத்துலேருந்து இந்தச் சிவப்பை வாங்கியிருக்கும். இது மகனுக்குக் குடுத்துச்சு, அது மகளுக்குக் குடுத்துச்சு. நீங்க மறுபடி ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டீங்க." இரண்டு சிவப்பு மூடிகளையும் தள்ளிக்கொண்டு வந்து தூசி பெயர்மேல் நிறுத்தினார்.

அக்கா அந்த மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா டாக்டர், அண்ணன் பிள்ளையும் தங்கச்சி பிள்ளையும்தானே? அக்கா தங்கச்சி பிள்ளைங்களா இருந்தாத்தானே தப்பு?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. அண்ணன் வழியா வந்தமா, தங்கச்சி வழியா வந்தமான்னு மூடிக்குத் தெரியாது."

"அப்ப முறைன்னு ஒண்ணு கிடையாதா?"

"நாய்க்குக் கிடையாது."

"நமக்கு?"

டாக்டருக்குச் சரியாக அந்த நேரத்தில் அடுக்குத் தும்மல் வந்தது. நான்கு தும்மல் முடிந்த பிறகு அவர் அந்தக் கேள்விக்குத் திரும்பி வரவில்லை. பஞ்சு, பொட்டு, இன்னும் சேர்த்துவைக்கப்போகிற நாய் எதுவாக இருந்தாலும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். ஒரு சிவப்பு இருப்பது குற்றம் இல்லை, இரண்டும் வெள்ளையாக உள்ள நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் கண் போகாது என்றும் சொன்னார்.

அக்கா எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "டாக்டர், ஒரே தாய்கிட்டப் பால் குடிச்சு வளர்ந்திருந்தா? அந்தப் பால்ல இந்த மூடி வருமா?"

"பால்ல ஒரு மூடியும் வராதும்மா. அடுத்த ஆளை வரச்சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தவள் சோறு வடிக்க மறந்து, தையல் டப்பாவைக் கொட்டிச் சிவப்புப் பட்டன்களையும் வெள்ளைப் பட்டன்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி உட்கார்ந்துவிட்டாள். மேஜருக்கு இரண்டு, சீமாட்டிக்கு இரண்டு. நகர்த்துவாள், கலைப்பாள், மறுபடி வைப்பாள். டாக்டர் சொன்னது வாய்க்கணக்கில் புரிந்தது. மனசுக்குள் இறங்கவில்லை. மாமன் மகன் என்ற சொல் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பத்திரமான சொல். அதற்குள் ஒரு சிவப்புப் பட்டன் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் எப்படி நம்புவது?

புருஷன் வந்து எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்படிப் பார்த்தா நானும் உனக்கு மாமன் மகன்தானே?" என்றார்.

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

"நம்ம பையன் கண்ணாடி போட்டிருக்கானே?"

"அது போனைப் பாத்துப் பாத்து வந்தது" என்றாள் சட்டென்று. இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு அதற்குமேல் நீடிக்கவில்லை. அவர் எழுந்து அரிசி களைந்து உலையில் போட்டார்.

அக்காவுக்கு அவசரம் ஒன்று இருந்தது. பொட்டுவுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை சிப்பாய், பஞ்சுவின் அண்ணன் மகன். பொட்டுவுக்கு அவனும் மாமன் மகன்தான். அதே கணக்கு, அதே நோட்டு, அதே கை. இந்தத் தடவை அவள் சும்மா இருந்தால் இன்னும் எத்தனை தூசிகள் இருட்டறை வாசலில் நிற்குமோ. வாயைத் திறந்தால் பத்து வருஷமாகச் சேர்த்துவைத்த பேர் போகும். இரண்டு நாள் யாருக்கும் முடி வெட்டாமல் கடையைப் பூட்டி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பஞ்சுக் குச்சிகளோடு கிளம்பினாள்.

மூன்று வாரத்தில் தாள்கள் வந்தன. பஞ்சுவுக்கு ஒரு சிவப்பு. சிப்பாய்க்கு ஒரு சிவப்பு. பொட்டுவுக்கும் ஒரு சிவப்பு.

மருந்துக்கடைக்காரர் மனைவி குட்டிகளுக்காகப் பழைய தொட்டிலை வாசலில் போட்டு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பிரஷ் கையோடு நின்றது. "ஐயோ, அப்ப எங்க பொட்டுவுக்குக் கண்ணு போயிடுமா?"

"போகாதும்மா. அதுக்கு ஒரு சிவப்புதான். ஆனா சிப்பாய்க்கும் ஒரு சிவப்பு. ரெண்டும் சேர்ந்தா நாலுல ஒண்ணுக்கு... இரு, பட்டனைக் காட்டறேன்." தரையில் பட்டனைப் பரப்பினாள். பாதியில் அவளுக்கே எது மேஜர் எது சிப்பாய் என்று குழம்பிவிட்டது.

"முறைன்னு நீங்கதானக்கா சொன்னீங்க? ஊரெல்லாம் சொன்னேனே, எங்க பொட்டுவுக்கு மாமன் மகனே மாப்பிள்ளைன்னு."

"சொன்னேன். தப்பு என்னுதுதான். எங்க தப்புப் பண்ணேன்னுதான் இன்னும் எனக்கே முழுசா விளங்கல." அவள் பட்டன்களை அள்ளிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "தூசிக்கு என்னாலதான் கண்ணு போகுது. உன் வீட்டுக் குட்டிக்கும் போக வேண்டாம்."

மருந்துக்கடைக்காரர் மனைவி பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு, "வேற ரத்தமே இல்லியாக்கா இந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

இருக்கிறது. ஒன்றே ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு மூன்று வாரமாகவே அது தெரியும்.

எலக்ட்ரீஷியன் வீட்டுக்குத் தூசியையும் கூட்டிக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் அதை எங்கும் விட்டுவிட்டுப் போக மனசு வருவதில்லை. நடைபாதை ஏறுமிடம், இறங்குமிடம் எல்லாம் "படி" என்று சொல்லிப் பழக்கியிருந்தாள். "படி" என்றால் தூசி காலைத் தூக்கித் தடவி வைக்கும். அவர் வீட்டு வாசலில் இரண்டு படி. "படி... படி" என்று சொல்லி ஏற்றினாள். உள்ளே அவர் தரையில் உட்கார்ந்து வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க சுவிட்சு டப்பாக்கள். வோல்ட் எழுந்து வந்து தூசியை முகர்ந்தது. தூசி முதலில் திடுக்கிட்டுப் பிறகு வாலை ஆட்டியது.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மூடி, பட்டன், சிவப்பு, வெள்ளை. கடைசியில் கைப்பையிலிருந்து பஞ்சுக் குச்சியை எடுத்தாள். "வோல்ட் வாயில ஒரு அரை நிமிஷம் துடைக்கணும்ணே. ரெண்டும் வெள்ளைன்னு வந்தா, பொட்டுவுக்கு..."

"பொட்டு யாரு? பஞ்சு மகதானே?" என்றார் அவர். "வோல்ட் பஞ்சுவுக்கு அண்ணன் முறைன்னீங்க. அப்ப இது தாய்மாமன்ல? நேத்து வரைக்கும் மாமன், இன்னைக்கு மாப்பிள்ளையா?"

அவர் சிரிக்கவில்லை. அக்காவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அவர் வயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் டூல் பெட்டியைத் திறந்தார். அடித்தட்டில், ஸ்க்ரூ டிரைவர்களுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருந்தது. எடுத்து நீட்டினார். வோல்ட்டின் கண், இடுப்பு எலும்பு, இதயம் எல்லாம் சோதித்த அறிக்கை. கண் என்ற இடத்தில் கோளாறு எதுவும் இல்லை, குட்டிகளுக்குக் கடத்தவும் கடத்தாது என்று எழுதியிருந்தது. இரண்டும் வெள்ளை. தேதியைப் பார்த்தாள். நான்கு வருஷத்துக்கு முந்தையது. பஞ்சுவுக்கு வேண்டாம் என்று அவள் சொன்ன அதே மாதம்.

"அப்பவே எடுத்துட்டீங்களா? எதுக்கு?"

"ஏதாவது குறை இருக்குதோன்னு பாத்தேன். இல்லைன்னு வந்துச்சு."

"குறைன்னு நான் சொல்லலியேண்ணே. முறைதான் சரியில்லைன்னேன்."

"வேணாம்னு சொன்னா, வேணாம்னவங்களுக்கு அது முறை. கேட்டவனுக்குக் குறைன்னுதான் படும்." அவர் வோல்ட்டின் தலையைத் தடவிக்கொண்டே பேசினார், அவளைப் பார்க்கவில்லை. "ஒரு வீட்டுப் பாலைக் குடிச்சா ரத்தம் மாறிடுமா? ஒரு வீட்டுச் சோத்தைத் தின்னா மாறிடுமா? இதுக்காவது சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருந்துச்சு."

சோறு என்றாரே, நாயைத்தான் சொல்கிறாரா? அக்கா பஞ்சுக் குச்சியைப் பிடித்தபடி நின்றாள். மூன்று நாள் அழுதது, ஆறு தடவை பழுதான மின்விசிறி, ஏழாவது தடவை அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் தன்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவள்தான் வாய்க்கு வாய் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சொல்லை யாருக்காகக் கூப்பிட்டாள், யாரை எட்ட நிறுத்தக் கூப்பிட்டாள் என்று நினைக்கப் போய், பட்டன்கள் குழம்பியதைவிட மோசமாகக் குழம்பியது. வீட்டில் அவளுக்காக உலை வைத்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவர்மேல் அவளுக்குப் பிரியம்தான். அதில் சந்தேகமே இல்லை. பிறகு ஏன் நெஞ்சு இப்படிக் கனக்கிறது?

நோட்டைத் திறந்தாள். கைக்குத் தெரிந்தது அந்த வேலைதான். புதுப் பக்கத்தில் எழுதினாள். பெயர், வோல்ட். வயது, ஏழு. காது, சுத்தம். குணம், சாது. கண், நன்று. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றாள். அண்ணே என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. "என்னன்னு எழுதட்டும்?"

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"இல்லைன்னு எழுதுங்க. அதுதானே உண்மை."

அவள் எழுதினாள். உறவு, இல்லை. பொட்டுவின் குட்டிகளுக்கு அதைவிட நல்ல வார்த்தை அந்த நோட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதி முடித்தபோது எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. தன் கண்ணும் போகிறதோ என்று ஒரு நொடி பயந்துவிட்டு, அப்புறம்தான் அழுகிறோம் என்று புரிந்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவர் வயரை எடுத்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

தூசியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "படி" என்றாள். தூசி காலை நீட்டித் தடவி ஒழுங்காக இறங்கியது. அக்காவுக்குத்தான் கால் தடுமாறியது. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துங்க" என்றார் அவர் உள்ளேயிருந்து. "இன்னொரு படி இருக்கு."